எட்டு நாள் கூரை

அத்தியாயம் 14

மலாக்காவின் காஜா பெராங்கில் அப்பாசாமி வீட்டை இத்தனை வாரமாக எட்டிப் பார்த்து வருகிறவர்களுக்கு அந்தக் கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம்தான் படியேறி வருகிறவர்களுக்காக நாலு வார்த்தை.

அப்பாசாமி பொதுப்பணி இலாகாவில் மண்டோர். சாலை போடுகிற இருபது ஆட்களுக்கு மேலாள். மனைவி அஞ்சலை. மூத்தவன் தியாகு ஒரு ரப்பர் கம்பெனியில் கிராணி, எழுத்து வேலை. இளையவள் விஜயா, ஆசிரியர் பயிற்சி மாணவி. நாடு சுதந்திரம் அடைந்த அடுத்த மாதம் அவள் வீட்டில் மூன்று வெப்பமானிகளை மாட்டினாள். கூரை முகட்டில் ஒன்று, உட்கார்ந்து பேசும் கூடத்தில் ஒன்று, வெளியே ரம்புத்தான் மரத்து நிழலில் ஒன்று. ஒரு நாளைக்கு நான்கு முறை பார்த்து நோட்டில் குறித்தாள். விசிறியில்லை, மின்சாரமில்லை, நிப்பா ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரையும் காலுயர்த்திக் கட்டிய பலகைத் தரையும் மட்டுமே இந்த வீட்டை எப்படிக் குளிர வைத்திருக்கின்றன என்று ஒரு வருஷக் கணக்கு எடுப்பது அவள் திட்டம்.

அந்தக் கணக்குதான் ஆஸ்திரேலியா வரை போயிற்று. அங்கே மண்கல்லில் வீடு கட்டவும், வெயிலில் தண்ணீர் காய்ச்சவும், காற்றாடி வைத்து நீர் இறைக்கவும் படிக்கிற மாணவர்கள் இங்கே வந்து பார்ப்பார்கள். பதிலுக்கு மலாயாவிலிருந்து ஆறு பேர் ஜனவரியில் அங்கே போவார்கள். ஐந்து பேர் முடிவாகிவிட்டது. ஆறாவது இடம் விஜயாவுக்கா, சிரம்பான் மாணவன் ஒருவனுக்கா என்பதை இன்று நண்பகல் அவர்கள் இந்த வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

விஜயா ஆறு வாரம் ஜாசின் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போயிருந்தாள். அந்த இடைவெளியில் அப்பாசாமி மகளுக்கு ஒரு மகிழ்ச்சி காத்திருக்கட்டும் என்று ஓலையைப் பிரித்தெறிந்துவிட்டுத் தகரம் போட்டுவிட்டார். கடைசி ஆணியை அடித்துவிட்டு அவர் ஏணியிலிருந்து இறங்கியதோடு போன வாரம் நிறுத்தினோம்.

இன்று சனிக்கிழமை. காலை எட்டு மணி. ஜாசின் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த விஜயா வாசலில் நிற்கிறாள்.

பெட்டி கையிலிருந்து நழுவியது. அவள் அதை எடுக்கவில்லை.

"எப்படி?" என்றார் அப்பாசாமி. முகமெல்லாம் சிரிப்பு. "ரோட்டு முனையிலேயே கண்ணு கூசியிருக்குமே! ஒரு பொத்தல் கிடையாதும்மா. ராணுவக் கிடங்கைப் பிரிச்சப்ப வாங்கினது. பிரிச்ச குத்தகைக்காரனுக்கு மூணு ஞாயித்துக்கிழமை வேலை செஞ்சு கொடுத்தேன்."

விஜயா அண்ணாந்தாள். கூரையைப் பார்த்தாள். சுவருக்கும் கூரைக்கும் நடுவே மூங்கில் பின்னல் இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே புதுப் பலகை.

"அதையும் அடைச்சிட்டேன்," என்றார் அவர். "மழைச் சாரல் இனிமே உள்ள வராது."

"அப்பா, நான் எழுதின கடுதாசி வந்துச்சா?"

"வந்துச்சே."

"அதுல என்ன எழுதியிருந்தேன்?"

"வீட்டுல எதையும் மாத்த வேணாம், எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்னு எழுதியிருந்தே."

"அப்புறம்?"

அப்பாசாமி பெரிதாகச் சிரித்தார். "நீ அப்படித்தான் எழுதுவே. தீபாவளிக்குத் துணி வேணாம்பே. செருப்பு வேணாம்பே. அப்பாவுக்குச் சிரமம் வைக்கக் கூடாதுன்னு நினைக்கிற பொண்ணு நீ. நீ வேணாம்னு எழுதுனா அதை நான் கேட்டுக்கிட்டு சும்மா இருக்க முடியுமா?"

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த வீட்டில் வேண்டாம் என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் மதிப்பு. விருந்தாளி சோறு போதும் என்றால் இன்னொரு கரண்டி விழும். அஞ்சலை புடவை வேண்டாம் என்றால் மறுநாள் புடவை வரும். விஜயாவும் பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் வளர்ந்தாள். முதல் முறையாக உண்மையிலேயே வேண்டாம் என்று எழுதினாள். அதைப் பிரித்தறிய அப்பாசாமிக்கு வழியில்லை.

"அப்பா..." அவள் குரல் உடைந்தது. "அவங்க அந்த ஓலையத்தான் பார்க்க வர்றாங்க."

"ஓலையவா?"

"ஓலையத்தான். அந்த மூங்கில் பின்னலைத்தான். நம்ம வீடு ஏன் சூடாகலைன்னு பார்க்கத்தான் கப்பல் ஏறி வந்திருக்காங்க."

அப்பாசாமியின் சிரிப்பு முகத்திலிருந்து உடனே போய்விடவில்லை. கேட்டதன் பொருள் உள்ளே போய்ச் சேர்கிறவரை அது அங்கேயே நின்றது.

அஞ்சலை அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "நான் அன்னிக்கே சொன்னேன். நீ சொல்லிக் கொடுத்த மாதிரி தினம் பார்த்து, கரியால தூணுல கோடு போட்டு வெச்சேன்டி. எட்டு நாளைக்கு முன்னாடி தகரம் ஏறின அன்னிக்கே சிவப்புக் கோடு விறுவிறுன்னு ஏறுது. உங்கப்பாகிட்ட சொன்னா, ஆணி அடிச்ச அதிர்ச்சியில கண்ணாடிக் குழாய் கெட்டுப்போச்சுங்கிறாரு."

"கெட்டுப்போச்சுன்னுதான் நினைச்சேன்," என்றார் அப்பாசாமி மெல்ல.

*

பழைய ஓலை பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமியின் கோழிக்கூண்டின் மேல் போயிருந்தது. பாதி அடுப்புக்குப் போய்விட்டது. புது ஓலை தைத்து வேய ஆறு ஆளுக்கு இரண்டு நாள் வேலை. இருப்பது நான்கு மணி நேரம்.

இருந்தும் அப்பாசாமி ஏணியைச் சாத்தினார். இருபது பேரை வேலை வாங்குகிற மனிதர், தனி ஆளாகக் கடப்பாரையோடு மேலே ஏறினார். ஒன்பது மணிக்கே தகரம் கையைச் சுட்டது. ஒரு தகடு கழன்றது. இரண்டாவது தகடு அவர் உள்ளங்கையைக் கீறியது.

தெருவோடு போன பாக்கியலட்சுமி அண்ணாந்து பார்த்தாள். மலாக்காச் செட்டி வீட்டுப் பெண்மணி. வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். "பானாஸ்லா, அண்ணே!" என்று கூவினாள். ஐயோ, இந்தச் சூட்டில் என்ன கூத்து என்பது அவள் முகத்திலேயே இருந்தது. அப்பாசாமி அடுத்த ஆணியை நெம்பினார்.

கீழே விஜயா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இறங்குங்கப்பா."

"இன்னும் நாலு தகடு கழட்டிட்டா பாதி..."

"பாதி கழட்டி என்ன செய்யறது? கீழ இறங்குங்க. கையில ரத்தம் வருது."

அவர் இறங்கினார். அவள் தன் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டப் போனாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"வெளியூர்க்காரங்க வர்ற நேரத்துல சேலைய கிழிக்காதே."

"அப்பா, ஏன்? ஏன் இதைச் செஞ்சீங்க? உண்மையா சொல்லுங்க."

அப்பாசாமி மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் பொறந்தது எஸ்டேட்டு கூலி லயத்துல. ஓலைதான். வெள்ளைக்காரத் தொரை குதிரையில வருவான். குனிஞ்சு உள்ள பார்ப்பான். மூக்கைப் பொத்திக்கிட்டுப் போவான். நம்ம கொடி ஏறி ஒரு வருசம் ஆகப்போவுது. வெள்ளைக்காரன் என் வீட்டுக்கு விருந்தாளியா வர்றான். ஒரு தரமாவது தகரத்துக்குக் கீழ உட்கார்ந்து அவனுக்கு டீ குடுக்கணும்னு..." அவர் முடிக்கவில்லை. "இந்த ஓலைய பார்க்க ஆள் வருவாங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

விஜயா அவர் கையைப் பிடித்து, கந்தைத் துணியால் இறுக்கக் கட்டினாள். வேறு எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

*

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் கார் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் விஜயாவின் கல்லூரி ஆசிரியர் கணேசமூர்த்தி. தேர்வுக் குழுவில் அவரும் ஒருவர். பின்னால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பேராசிரியர் வார்டன். நரைத்த தலை, சட்டைப் பையில் பென்சில்கள். அவரோடு இரண்டு மாணவர்கள், ஆளுக்கொரு தொப்பியோடு. தியாகு வேலையிலிருந்து ஓடி வந்து கதவருகே நின்றுகொண்டான்.

வார்டன் வாசலில் நின்று கூரையைப் பார்த்தார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். விஜயா ஆறு மாதத்துக்கு முன்பு எடுத்து அனுப்பிய புகைப்படம். மறுபடி கூரையைப் பார்த்தார்.

உள்ளே போனார்கள்.

சூடு ஒரு ஆளைப் போல வழி மறித்து நின்றது. கூடத்து வெப்பமானியில் நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது சிவப்புக் கோடு. வெளியே மரத்தடியில் எண்பத்தொன்பதுதான். ஒரு மாணவன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பாசாமிக்கு ஆங்கிலம் 'யெஸ் சார்', 'டுமாரோ சார்', 'நோ லாரி சார்' வரைக்கும்தான். விருந்தாளி சிரித்தால் வீட்டுக்காரனும் சிரிக்க வேண்டும். அவரும் சிரித்தார். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தார்.

சிரிக்காதவள் விஜயா மட்டும்தான். அவள் அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு வார்டனைப் பார்த்து நிதானமாக ஏதோ சொன்னாள். சிரிப்பு நின்றது. வார்டன் ஒரு கேள்வி கேட்டார். அவள் பதில் சொன்னாள். இன்னொரு கேள்வி. இன்னொரு பதில். நடுவே ஒரு முறை 'மை ஃபாதர்' என்றாள். அப்பாசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கதவருகே தியாகுவின் முகம் மாறியது. அதை அவர் கவனிக்கவில்லை.

வார்டன் விஜயாவின் கணக்கு நோட்டை மூடித் தன்னோடு எடுத்துக்கொண்டார்.

அப்பாசாமி இளநீர் வெட்டிக் கொடுத்தார். வெளியூர்க்காரர்கள் குடித்தார்கள். காரில் ஏறுமுன் வார்டன் அவரிடம் வந்து, துணி கட்டிய கையைப் பார்த்து, மற்றொரு கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணில் கனிவு இருந்தது.

"பார்த்தியா?" என்றார் அப்பாசாமி, கார் போனதும். "கை குலுக்கிட்டுப் போறாரு. நல்ல மனுசன். நீ என்னம்மா சொன்னே?"

"வீட்டைப் பத்திச் சொன்னேன்பா," என்றாள் விஜயா. "வாங்க, கட்டை மாத்திக் கட்டறேன்."

*

மாலை ஐந்து மணிக்குக் கிணற்றடியில் தியாகு வாயைத் திறந்தான்.

"யப்பா, ஒண்ணு கேக்கட்டா? அந்தப் பையன் சொன்னதுக்கு நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?"

"எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சேன்."

"எந்த முட்டாள் இந்த வீட்டுக்கு மூடி போட்டான்னு கேட்டான்."

வாளி கிணற்றுக்குள் நழுவிப் போயிற்று. கயிற்றை அப்பாசாமி பிடிக்கவில்லை.

"அவன் கெட்ட எண்ணத்துல கேக்கலப்பா. வேடிக்கையா கேட்டான். ஆனா விஜயா உடனே சொன்னா. 'நான்தான்'னு சொன்னா."

"என்னது?"

"நான்தான் போடச் சொன்னேன், மை ஃபாதர் வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு, தகரத்துல எவ்வளவு ஏறும்னு பார்க்க எனக்கு அவசரம், அப்படின்னு சொன்னா. வருசம் முடிய இன்னும் ஒரு மாசம் இருக்கே, அதுவரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதான்னு அந்தப் பெரியவர் கேட்டாரு. பொறுக்க முடியலைன்னுட்டா."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?" என்றார் அப்பாசாமி.

"கார்கிட்ட கணேசமூர்த்தி சார்கிட்ட அவர் பேசினது என் காதுல விழுந்துச்சு. ஒரு மாசம் பொறுக்கத் தெரியாதவள நம்பி நான் எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னாரு. நாளைக்குக் காலையில சிரம்பான் பையன் பேரைச் சொல்லப் போறாங்க."

ஒருமுறை அப்பாசாமி விஜயாவைக் கேலி செய்திருக்கிறார். 'வெயில்ல வெந்நீர் போடவா ஆஸ்திரேலியா போறே? இங்க ஒரு தகரத்து மேல குடத்தை வெச்சா கொதிச்சிட்டுப் போவுது!' அன்று அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். தகரம் சுடும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைத் தன் வீட்டோடு சேர்த்து நினைக்க அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"சைக்கிளை எடு," என்றார்.

"எங்கப்பா?"

"அவங்க தங்கியிருக்கிற ரெஸ்ட் ஹவுசுக்கு. நான் போட்டேன்னு நானே சொல்றேன்."

"யப்பா, அவ உங்களுக்காகத்தான்..."

"எனக்காக அவ முட்டாளாகணுமா? சைக்கிளை எடுடா!"

வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். தியாகு இரண்டு தரம் திருத்தினான். மூன்றாம் தரம் விட்டுவிட்டான்.

*

கடலைப் பார்த்த ரெஸ்ட் ஹவுஸ் வராந்தாவில் வார்டனும் கணேசமூர்த்தியும் உட்கார்ந்திருந்தார்கள். மேசை மேல் விஜயாவின் நோட்டு.

அப்பாசாமி செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு ஏறினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"சார். ரூஃப், மீ. டாட்டர் நோ. டாட்டர் லெட்டர் ரைட், நோ டச். மீ டச்."

வார்டன் எழுந்து நின்றார். மிச்சத்தை அப்பாசாமி தமிழில் சொன்னார், கடுதாசியைச் சொன்னார், வேண்டாம் என்றதைத் தான் எடுத்துக்கொண்ட விதத்தைச் சொன்னார், லயத்தைச் சொன்னார். கணேசமூர்த்தி ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தார்.

வார்டன் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

கணேசமூர்த்தி உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்னா சார் சொல்றாரு? சரின்னு சொல்லிட்டாரா?"

"அப்பாசாமி," என்றார் கணேசமூர்த்தி. அந்தக் குரலே சரியில்லை. "உங்க நேர்மைக்கு நன்றின்னு சொல்றார். நீங்க செஞ்சதுல தப்பே இல்லைங்கறார். ஆனா..."

"ஆனா?"

"மத்தியானம் வரைக்கும் அவர் மனசுல விஜயா பொறுமை இல்லாத பொண்ணு. அவ்வளவுதான் குறை. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னுகூட என்கிட்ட சொன்னார். இப்ப நீங்க வந்து, அவ இவரோட மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னான்னு சொல்றீங்க. அப்பாவுக்காக ஒரு பொய் சொல்ல முடிஞ்சவ, இந்தப் பதினோரு மாசக் கணக்குல எதை மாத்தி எழுதினாளோ, எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறார்."

கடல் பக்கமிருந்து காற்று வந்தது. நோட்டின் தாள்கள் தாமாகப் புரண்டன. வார்டன் கையை வைத்து அமுக்கினார்.

"சார், அவ கணக்குல பொய் எழுத மாட்டா. என் புள்ளைய எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்," என்றார் கணேசமூர்த்தி. "அவருக்குத் தெரியாதே." எழுந்து அவரோடு படி வரை வந்தார். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அவளை வரச் சொல்லுங்க. தனியா. நோட்டுல ஒவ்வொரு பக்கமா கேள்வி கேக்கப் போறார். அதுல தேறலைன்னா இந்தப் பயணம் மட்டுமில்ல, கல்லூரிக்கும் எழுதிப்புடுவார். எதுக்காக வரச் சொல்றாங்கன்னு நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க."

திரும்பும்போது தியாகு சைக்கிளை ஓட்டவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தான். அப்பாசாமி பக்கத்தில் நடந்தார். சுதந்திரக் கொடி ஏற்றும் நாளுக்காகக் கடைக்குக் கடை காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எப்படிப்பா சொல்லப் போறீங்க?"

"சொல்றேன்."

*

வீட்டுக்குள் உட்கார முடியாமல் அஞ்சலை ரம்புத்தான் மரத்தடியில் பாயை விரித்திருந்தாள். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. விஜயா தலைக்குக் குளித்துவிட்டு ஈரக்கூந்தலோடு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

"எங்கப்பா போயிட்டு வர்றீங்க?"

அப்பாசாமி நின்றார். தொண்டையைச் செருமினார். "கணேசமூர்த்தி சாரைப் பார்த்தேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ரெஸ்ட் ஹவுசுக்கு உன்னை வரச் சொன்னாரு. நோட்டைப் பத்தி..."

"என்னையா?"

அவர் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "நோட்டைப் பார்த்துட்டாங்களா? அம்மா! கூரை போனா என்ன, கணக்கு இருக்குல்ல... கணக்கைப் பார்த்துட்டு மனசு மாறிட்டாங்கம்மா! நேர்ல வரச் சொல்றாங்கன்னா வேற எதுக்கு?" அவள் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே அழுதாள். "பொழுதுக்கும் உங்ககிட்ட சரியா பேசவே இல்லையேப்பா. உங்க மேல கோவமே இல்ல, தெரியுமா?"

"உட்காருடி, சோறு போடறேன்," என்று அஞ்சலை அடுப்படிக்கு ஓடினாள்.

தியாகு சைக்கிளைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா, பேசாம நிக்கிறீங்க?" என்று விஜயா அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுங்க, வேற என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லம்மா," என்றார் அப்பாசாமி. "மொதல்ல சாப்பிடு."